சங்கற்பத்தில் வரும் பேரெண்: 4,320,000

எந்தப் பூசையானாலும் சிவாச்சாரியார் முதலில் சங்கற்பம் செய்கின்றார். அதிலே கலியுகம், முதற்பாதம் எனக் காலம் குறிக்கப்படுவதை அடியார்கள் பலமுறை கேட்டிருப்பர். அந்தக் கலியுகம் 432,000 ஆண்டுகள் கொண்டது. துவாபரம் அதன் இருமடங்கு, திரேதம் மும்மடங்கு, கிருதம் நான்மடங்கு. நான்கையும் கூட்டினால் ஒரு மகாயுகம். அதாவது 43 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகள்.

இதனை வெறும் மிகைக்கூற்று என்று சிரிப்போர் உளர். இன்றைய விஞ்ஞானம் முழுவதும் இதனுள் அடக்கம் என்று பெருமை பேசுவோரும் உளர். இருசாராரும் எண்ணைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

தேவ ஆண்டு ஒன்று மானிட ஆண்டு 360 என்பது நூல் வழக்கு. மகாயுகத்திற்குத் தேவ ஆண்டு 12,000. இரண்டையும் பெருக்க 4,320,000 வரும். இவ்வெண்ணில் 2 எட்டு முறையும், 3 மூன்று முறையும், 5 நான்கு முறையும் காரணிகளாக உள்ளன. வேறு முதன்மை எண் கிடையாது. ஆகவே இதனை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள் 180. ஒன்று முதல் பத்து வரை 7 மட்டுமே வகுக்காது. கிழமை ஏழல்லவா? அது இக்கணக்கிற்கு வெளியே நின்றுவிட்டது!

இவ்வளவு பெரிய எண் எதற்கு? ஓர் அடியார் 12 நாளுக்கு ஒருமுறையும் இன்னொருவர் 15 நாளுக்கு ஒருமுறையும் கோயிலுக்கு வருவதாகக் கொள்வோம். இன்று இருவரும் சந்தித்தால் மறுபடி சந்திப்பது 60ஆம் நாள். பாடசாலையில் படித்த பொது மடங்குகளுட் சிறியது இதுதான். இருவருக்கே 60 நாள் வேண்டுமென்றால், சூரியன், சந்திரன், ஏனைய கிரகங்கள் யாவும் ஒரே இடத்தில் ஒன்றுசேர எத்தனை காலம் வேண்டும்?

கி.பி. 499இல் ஆரியபட்டர் எடுத்துக்கொண்ட வழி இதுவே. யுகத் தொடக்கத்தில் கிரகங்கள் மேடத்தின் தொடக்கத்தில் நின்றன எனக் கொண்டு, ஒரு மகாயுகத்தில் ஒவ்வொன்றும் எத்தனை முறை சுற்றும் என்பதை முழு எண்ணிலேயே கூறினார். தசமப் புள்ளி வழக்கில் இல்லாத காலம் அது. சந்திரனுக்கு 57,753,336 சுற்று. யுகத்தின் நாட்கள் 1,577,917,500. நாட்களைச் சுற்றுகளால் வகுத்தால் சந்திரனின் ஒரு சுற்றுக்கு 27.32167 நாள் வருகின்றது. இன்றைய அளவுக்கும் இதற்கும் ஒரு செக்கன் வித்தியாசம்கூட இல்லை.

ஆண்டின் அளவு அத்துணை நுட்பமாக அமையவில்லை. நாட்களை 4,320,000ஆல் வகுக்க 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை வரும். வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டளவு இதுவே. உண்மையான நட்சத்திர ஆண்டிலும் இது ஏறத்தாழ 3 நிமிடம் 20 செக்கன் கூடியது. புதுவருடப் பிறப்பு நேரம் வாக்கியத்தில் ஒன்றாகவும் திருக்கணிதத்தில் வேறாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வருடந்தோறும் இதற்காக வாக்குவாதப்படுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஆரியபட்டர் நான்கு யுகங்களையும் சமமாக, 1,080,000 ஆண்டு வீதம் பிரித்தார். ஸ்மிருதிகளுக்கு மாறானதென்று கி.பி. 628இல் பிரமகுப்தர் கண்டித்தார். பஞ்சாங்கச் சண்டை புதிதல்ல.

கழிந்த கலி ஆண்டை அறிவது எளிது. சித்திரைப் பிறப்பின் பின் ஆங்கில ஆண்டுடன் 3101ஐக் கூட்டுக. 499உடன் கூட்டினால் சரியாக 3600. அவ்வேளை தமக்கு வயது 23 என ஆரியபட்டரே குறித்துள்ளார். கலியின் காற்பங்கு 108,000 ஆண்டுகள் ஆதலால் சிவாச்சாரியார் இன்றும் முதற்பாதம் என்றே சொல்கின்றார்.