அரசாங்கம் யாருடையது?

வேதபாடம். வாசிக்க: 1 தீமோத்தேயு 2:1-3, அப்போஸ்தலர் 16:35-39



2015 டிசம்பரை நாம் மறக்க முடியாது. வேளச்சேரியில் பஸ் ஓடின ரோட்டில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே தண்ணீர், அதே மொட்டைமாடி. இரண்டு தடவையும் நம் வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தை ஒன்றுதான்: "கவர்மெண்ட் என்னதான் பண்ணுது?" கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்கிற நாம் அரசாங்கத்தை எப்படிப் பார்க்கிறோம்? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

1. எஜமானாகப் பார்ப்பது தவறு

கவுன்சிலரைப் பார்க்கப் போனால் கைகட்டி நிற்கிறோம். ரேஷன் கார்டோ முதியோர் பென்ஷனோ கிடைத்தால் யாரோ மனமிரங்கித் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்ததுபோலப் பேசுகிறோம். இது ராஜா காலத்துப் பழக்கம். கடையில் ஒரு சோப்பு வாங்கினாலும் அதற்குள் வரி இருக்கிறது. ஏழை விதவையும் அதைக் கட்டுகிறாள். ஆகவே நாம் பிச்சைக்காரர் அல்ல, பங்காளிகள்.

2. அற்பமாக எண்ணுவதும் தவறு

"எல்லாரும் திருடங்கதான், யார் வந்தா நமக்கென்ன?" இதுவும் நம் வாயில் வருகிறது. இது நம் ஊர் வியாதி மாத்திரமல்ல. அமெரிக்காவில் 1958ல் எடுத்த ஆய்வில், அரசாங்கம் பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பினவர்கள் 100க்கு 73 பேர். வியட்நாம் போர், வாட்டர்கேட் ஊழல் என்று ஒவ்வொன்றாக வர, அந்த நம்பிக்கை சரிந்தது. 2024ல் அது 22தான்.

சந்தேகப்படுவது பாவமல்ல. சந்தேகப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவதே ஆபத்து. 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் 100க்கு 72 பேருக்குமேல் ஓட்டுப் போட்டார்கள். வேளச்சேரி தொகுதியில் சுமார் 56 பேர்தான். மழைநீர்க் கால்வாயும் குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. அந்த மாநகராட்சிக்கு 2016 அக்டோபரிலிருந்து 2022 வரைக்கும் கவுன்சிலர்களே கிடையாது. கடைசியில் 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. சென்னையில் 100க்கு 44 பேர்கூட ஓட்டுப் போடவில்லை. வெள்ளத்தில் மூழ்கின பட்டணம் இது!

போகாதவர்களில் நானும் ஒருவன். பிப்ரவரி 19, சனிக்கிழமை. ஞாயிறு செய்திக்கு ஆயத்தப்படுகிறேன் என்று சொல்லி வீட்டிலிருந்துவிட்டேன். மறுநாள் ஆராதனையில் அதிகாரிகளுக்காக ஊக்கமாக ஜெபித்தேன். கூட்டம் முடிந்ததும் வயதான தாயார் ஒருவர் என் விரலைப் பார்த்தார்கள். "என்ன பாஸ்டர், மை இல்லையே? நல்ல அதிகாரிகளைத் தாரும்னு ஜெபம் பண்ணிட்டு, ஓட்டுப் போடாம இருந்துட்டீங்களே!" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. அன்று நான் உணர்த்தப்பட்டேன்.

3. பவுல் காட்டின வழி

பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் சம்மதிக்கவில்லை. தான் ரோமக் குடிமகன் என்று சொல்லி, அதிகாரிகளே நேரில் வரவேண்டும் என்றார். அவர்களும் பயந்து வந்தார்கள். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ரோமருக்கு எழுதினதும் இதே பவுல்தான். மரியாதையும் கொடுத்தார், நியாயமும் கேட்டார். அவருக்கு ஓட்டு இல்லை. நமக்கு இருக்கிறது.

4. நாம் செய்யவேண்டியவை

ஜெபியுங்கள்: உங்கள் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மூவரின் பெயரையும் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

ஓட்டுப் போடுங்கள்: எந்தக் கட்சிக்கு என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லமாட்டேன். வேட்பாளர் மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பதையே 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடு என்கிறது. சட்டமன்ற, பாராளுமன்றத் தேர்தலில் ஒருவரையும் பிடிக்கவில்லையென்றால் 2013 முதல் நோட்டா பொத்தானும் உண்டு.

கேளுங்கள்: குப்பைக்கும் விளக்குக்கும் மாநகராட்சியின் 1913 எண்; குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர் வாரியம். பதில் வராவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும்.

உங்களையும் சோதித்துப் பாருங்கள்: வேளச்சேரி ஏரி சுருங்கினதற்கு அரசாங்கத் திட்டங்களும் காரணம், ஆக்கிரமித்த ஜனங்களும் காரணம். கால்வாயில் விழுகிற பிளாஸ்டிக் பை யார் வீட்டிலிருந்து வருகிறது?

பிரியமானவர்களே, அடுத்த மழைக்கு முன்னே உங்கள் தெருக் கால்வாயை ஒருதரம் போய்ப் பாருங்கள். அடைத்திருந்தால் முழங்கால்படியிட்டு ஜெபியுங்கள்; எழுந்து 1913க்குப் போன் பண்ணுங்கள். அடுத்த தேர்தலுக்கு மறுநாள் ஆராதனையில் அந்தத் தாயார் என் விரலை மறுபடியும் பார்ப்பார்கள். உங்கள் விரலையும் பார்ப்பார்கள்.

கர்த்தர் தாமே நம் பட்டணத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.