ஒரு மழைக்காலம் பொறு

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. பத்திரம் பதிந்த கையோடு மனையில் நின்று நீ அனுப்பிய போட்டோவைப் பெரியம்மா நாலு தடவை வாங்கிப் பார்த்தாள். கிழக்குப் பார்த்த அரை கிரவுண்டு. பின்னால் வேலிகாத்தான் புதர், அதற்கும் பின்னால் வல்லம் வடகால் சிப்காட்டின் நீலக் கூரைகள். ஏழு வருஷம் ஷிப்டு மாறி மாறி வேலை பார்த்துச் சேர்த்த பணம். அதை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஆவணியில் கடக்கால் தோண்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். முப்பத்தைந்து வருஷம் கட்டட வேலையில் ஓவர்சியராக நின்றவன் சொல்கிறேன்: ஒரு மழைக்காலம் பொறு. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த மனை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தையில் தொடங்கு.

உன் அவசரம் எனக்குப் புரிகிறது. அங்கே பக்கத்திலேயே, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்துவைத்த பெண் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சிப்காட் கட்டியது, 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேருக்குக் கட்டும்போது எல்லா அறையும் ஒரே அளவாகத்தான் இருக்க முடியும். இத்தனை வருஷம் அப்படிப்பட்ட அறைகளிலேயே இருந்துவிட்ட உனக்கு, உன் அளவுக்கு ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த அளவை எடுக்கத்தான் பொறுக்கச் சொல்கிறேன். மனையின் அளவு பத்திரத்தில் இருக்கிறது. மனையின் குணம் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

நான் பட்ட கதை உனக்குத் தெரியும், நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். முடிச்சூர் வீட்டைத் தெருவைவிட இரண்டடி உயர்த்தித்தான் கட்டினேன். இரண்டடி போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மூன்று முறை ரோடு போட்டார்கள். என் வாசல்படி ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போனது. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது ஹாலில் இடுப்பளவு தண்ணீர். இப்போதும் மழை பிடித்தால் அந்தச் சுவரில், எத்தனை கோட்டிங் பெயிண்டுக்கு அடியிலிருந்தும், பழுப்பாக ஒரு கோடு மேலே வரும். நான் கட்டட வேலை தெரிந்தவன். ஆனால் அந்த மனையை வெயிலில் மட்டும் பார்த்துவிட்டு வாங்கிக் கட்டினேன்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் முழுக்க ஏரி பூமி. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. நடுவில் நாம் கம்பெனியும் மனையும் போட்டாலும் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். வடகால் என்ற பெயரையே பார், 'கால்' என்றால் தமிழில் வாய்க்கால் என்றும் பொருள். பெயர் வந்த காரணம் எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்துத்தான் வாங்கினாய், நல்லது. இன்னும் இரண்டு காகிதம் பார். தாலுகா அலுவலகத்தில் புலப்படம் வாங்கி, உன் சர்வே எண்ணையும் சுற்றியுள்ள எண்களையும் ஒட்டி வாய்க்கால், ஓடை ஏதாவது போகிறதா என்று பார். அ-பதிவேட்டில் உன் நிலம் நஞ்சையாக இருந்ததா, புஞ்சையா என்று பார். அதன் பிறகு அந்த ஊரில் மாடு வைத்திருக்கும் வயசானவர் யாரையாவது கேள். எந்த மழைக்கு எங்கே மாடு கட்ட முடியாமல் போனது என்று அவருக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கும்.

அடுத்தது மண். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பல இடங்களில் களி மண். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து விரல் உள்ளே போகும், மழையில் ஊறி உப்பும். இப்படி ஏறி இறங்கும் மண்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் மூன்றாம் வருஷம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் கிளம்பும். பூச்சு வேலை சரியில்லை என்று கொத்தனாரைத் திட்டுவார்கள், குற்றம் அடியில் இருக்கும். இதற்கு வழி இருக்கிறது. மழையும் வெயிலும் எட்டாத ஆழம் வரை, பத்துப் பன்னிரண்டு அடி, துளை போட்டு அடியில் குடம்போல் அகலமாக்கிக் காங்கிரீட் நிரப்புவார்கள். அண்டர்ரீம் பைல் என்பார்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக வளர்த்தெடுத்த முறை. உன் மனைக்கு அது வேண்டுமா வேண்டாமா என்பதை மண் பரிசோதனை சொல்லும். மொத்தச் செலவில் அந்தப் பரிசோதனைக் கட்டணம் கண்ணுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டதைப் பார்த்து அதையே போடாதே, இருபதடியில் மண் மாறும்.

இன்னொரு சின்னச் சோதனையை நீயே செய்யலாம். மனையின் மூலையில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டு. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிடு. மறுபடி ஒரு குடம் ஊற்றி, உள்ளே ஒரு குச்சி நட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறி. மணிக்கணக்கில் அப்படியே நின்றால், அங்கே மழைநீர் சேகரிப்புக்கு வெறும் ஜல்லிக் குழி பிரயோஜனப்படாது. களியைத் தாண்டி மணல் தட்டும் வரை உறை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீடுகளில் அதைச் சட்டத்துக்குக் காட்ட ஒரு குழாயாக மட்டும் வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்: 700 சதுர அடிக் கூரை கிட்டத்தட்ட 65 சதுர மீட்டர். வருஷ மழை 1,200 மில்லிமீட்டர் என்றால் 78,000 லிட்டர். கால்வாசி வீணானாலும் மீதி, 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வெயிலையும் காற்றையும் பற்றிச் சொல்ல வேண்டும், இதில்தான் எனக்கு ஆசை அதிகம். நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் வைத்த மொழி நம்முடையது: கொண்டல், தென்றல், கோடை, வாடை. வீடு கட்டும்போது மட்டும் ஏனோ நாலையும் மறந்துவிட்டு ஏசிக்கு இடம் விடுகிறோம். உன் மனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. அதனால் சித்திரைப் பாதியிலிருந்து ஆவணி பிறக்கும் வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று எங்காவது படித்திருந்தால் அது நம் ஊருக்குப் பொருந்தாது, அந்த ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். எல்லாவற்றிலும் கொடுமை மேற்குச் சுவர். மதியம் இரண்டு மணியிலிருந்து தாழ்ந்து வரும் வெயிலைச் சன்ஷேட் தடுக்காது. அந்தச் சுவர் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணிக்கு உள்ளே கக்கும். நைட் ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவள் நீ. உன் படுக்கையறை மேற்கே வந்தால் ஏசியைப் பகல் முழுக்க ஓட்டுவாய். மேற்கே மாடிப்படி, பாத்ரூம், சாமான் அறை போடு. படுக்கையறையைத் தென்கிழக்கிலோ வடகிழக்கிலோ வைத்து, காற்று நுழைய ஒரு ஜன்னல், வெளியேற எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் வை. சாயங்காலக் கடற்காற்று அங்கே தாமதமாகத்தான் வரும், வரும்போது வழி திறந்திருக்கட்டும்.

வீட்டைச் சின்னதாகக் கட்டு. பசுமை வீடு என்று எதை எதையோ விற்பார்கள். கட்டாமல் விட்ட ஓர் அறை மிச்சப்படுத்தும் சிமெண்டை எந்தச் சாமானும் மிச்சப்படுத்தாது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். சுடும் எரிபொருளும் புகைக்கிறது, கல்லும் தன்னுள் உள்ள கரியமில வாயுவை விடுகிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டால் மட்டும் வருகிறது. சொந்தக்காரர்கள் வந்து, இவ்வளவு செலவில் இன்னொரு பெட்ரூம் எடுத்திருக்கலாமே என்பார்கள். எடுக்காதே. 700 சதுர அடி கட்டு, மேலே எழுப்ப இடம் விட்டு அஸ்திவாரத்தைக் கணக்கிடச் சொல்.

லாரி பேக்கர் என்று ஒருவர் இருந்தார். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, 1945-ல் இந்தியாவுக்கு வந்து, பிற்பாடு திருவனந்தபுரத்திலேயே தங்கி 2007-ல் இறந்த கட்டடக் கலைஞர். வீட்டுக்கான சாமான் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர். அவர் பரப்பியதுதான் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே மூன்றங்குலம் இடைவெளி விட்டு ஒன்பதங்குலச் சுவர் எழுப்புவது. கால்வாசிச் செங்கல் மிச்சம், நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். பழக்கமில்லாத கொத்தனாரிடம் இதைக் கொடுக்காதே. ஒரு காம்பவுண்டுச் சுவரைக் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வா. ஒயரிங் குழாய் போகும் இடத்தையும் முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும், கட்டிய பிறகு காடி வெட்ட முடியாது. சுடாத மண் கல்லில் ஆசை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோவில் போய் வா. அங்குள்ள எர்த் இன்ஸ்டிட்யூட்டில் 5 சதவீத அளவு சிமெண்ட் கலந்து மண்ணை அழுத்திக் கல் செய்கிறார்கள். உன் களிமண் அதற்கு அப்படியே ஆகாது, மணல் சேர்க்க வேண்டிவரும், அதையும் அங்கேயே கேள்.

செங்கல் வாங்கும்போது சூளைக்காரர் மேலே அடுக்கியிருப்பதை எடுக்காதே, நடுவிலிருந்து உருவு. இரண்டு கல்லைக் கையில் பிடித்து மோது. வெந்த கல் கணீரென்று கேட்கும், வேகாதது தொப்பென்று கேட்கும். ஒரு கல்லை நிறுத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு மறுபடி நிறு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பு. இந்தச் சோதனையை மேஸ்திரி முன்னால் செய். அவர் உன்னை அளந்துகொள்வார், பிறகு கலவையிலும் கவனமாக இருப்பார். பெண்பிள்ளைதானே என்று ஆரம்பத்தில் உன்னைத் தாண்டி உன் அப்பாவிடம் பேசுவார்கள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள், சுவரில் வைத்துப் பார். இரண்டாவது வாரம் உன்னிடமே பேசுவார்கள்.

காங்கிரீட்டில் ஆட்கள் இளக்கத்துக்காகத் தண்ணீரைக் கொட்டுவார்கள். மூட்டைக்கு 25 லிட்டரைத் தாண்ட விடாதே. தளம் போட்டதும் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்து. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டே போதும், அதற்கு இந்த நீராற்றுதல் இன்னும் முக்கியம். மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்து வெள்ளைச் சுண்ணாம்பு அடி.

அனுமதி இப்போது சுலபம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் வீடும் என்றால் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே வாங்கிவிடலாம். முன்னாலேயே யாரும் வந்து சரிபார்க்காததால் பொறுப்பு முழுக்க உன் கையெழுத்தின் மேல் நிற்கும், வரைபடத்தில் உள்ளபடியே கட்டு. ஒப்பந்தத்தில் கம்பியின் அளவு, கலவை விகிதம், எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம் என்று எழுதி வாங்கு. வீட்டுக் கடன் வாங்கினால் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வை.

சோலார் பற்றிக் கேட்டிருந்தாய். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் வரும். ஆனால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். ஒற்றை ஆளாக, காற்றோட்டமான வீட்டில், உனக்கு எவ்வளவு தேவைப்படும் என்பது ஒரு கோடை வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். இப்போதைக்கு மாடிக்கு ஒயர் போக ஒரு குழாய் மட்டும் விட்டு வை.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்று நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கும் இப்போது தெரியாது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் லீவு போடு. நானும் தாம்பரத்திலிருந்து காலைப் பஸ் பிடித்து வருகிறேன். மனையின் நாலு மூலையிலும் நடுவதற்கு நாலு மூங்கில் கழி, கொஞ்சம் சுண்ணாம்பு, மட்டக்குழாய் எல்லாம் நான் கொண்டுவருவேன். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் நீயே கோடு போடு. ரப்பர் செருப்பு போட்டு வா, வேலிகாத்தான் முள் ஷூவையும் துளைக்கும், சேற்றில் ஷூ கழன்றும் போகும்.

அன்புடன்,
பெரியப்பா