மஞ்சள் டிஸ்க், குங்கும டிஸ்க்

திங்கட்கிழமை காலையில் சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ஆர்டிசி பஸ்ஸில் என் மடியில் ஒரு துணிப்பை இருக்கும். உள்ளே துண்டில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க், அதன் முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர். மாலையில் திரும்பும்போது அதே துண்டுக்குள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொரு டிஸ்க். அடுத்த வாரம் நிறம் தலைகீழாகும். எழுபது கிலோமீட்டர் சொச்சம் தூரம். பூதலப்பட்டு, சந்திரகிரி என்று ஊர்கள் கடக்கும்போதெல்லாம் கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

கிரீம்ஸ்பேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சித்தூரில் இரண்டு ஆடிட்டர் ஆபீஸ், ஊருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரி, திருப்பதியில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோ என்று நாலைந்து இடங்களின் பேக்கப் என் பொறுப்பு. இந்த வேலையில் நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி ஒரே திரையில் நடந்தவை: பேக்கப்பை எந்த டிரைவில் வைப்பது, டிரைவ்களை எப்படிக் குழு சேர்ப்பது என்று மென்பொருள் கேட்கும் திரை. எதைக் காப்பாற்ற வேண்டும், எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதற்கு அரை நாள் யோசிப்போம். எங்கே என்ற கேள்விக்கு மட்டும் கண்ணில் பட்ட முதல் டிரைவைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிரைவ் குழு என்று மென்பொருள்கள் சொல்வது இரண்டு வேறு காரியங்கள். ஒன்று கூட்டு: மூன்று நான்கு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டுவது. மற்றொன்று முறை: ஏரித் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி, இந்த வாரம் இந்த டிஸ்க், அடுத்த வாரம் அது. கூட்டு, இடம் போதாதபோது உதவும். முறை, ஆபத்து வரும்போது உதவும். ஒன்றை நினைத்துக்கொண்டு மற்றதை அமைத்துவிட்டால் அது தெரியவருவது டிஸ்க் செத்த நாளில்தான்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சும்மா கிடந்த மூன்று பழைய டிஸ்க்குகளைக் கூட்டாகச் சேர்த்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப், மற்ற நாட்களில் மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப். முழு பேக்கப் முதல் டிஸ்க்கில் போய் விழுந்திருக்கிறது. தினசரித் துண்டுகள் மற்ற இரண்டில். முதல் டிஸ்க் ஒரு நாள் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றது. மீதி இரண்டும் நல்லபடியாகத்தான் இருந்தன. ஆனால் அடித்தளம் இல்லாத மாடி எதற்கு ஆகும்? கணக்குத் தாக்கல் நேரம் வேறு. அந்த ஆபீஸ் பிள்ளைகள் மூன்று வாரம் வவுச்சர்களைத் திரும்ப ஏற்றினார்கள். நானும் உட்கார்ந்து ஏற்றினேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்த டிஸ்க்கைக் கையில் எடுத்தாலும், அது ஒன்றை வைத்தே முழுசாக மீட்க முடிய வேண்டும். முழு பேக்கப்பும் அதைச் சார்ந்த துண்டுகளும் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

இதை மென்பொருளிடம் புரியும்படி சொல்வதில்தான் நுணுக்கம். நான் பெரும்பாலும் போடுவது பாக்குலா. 2000-ல் கெர்ன் சிபால்டு முதலானோர் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டினாலும் ஓடும். அதில் ஒவ்வொரு டிரைவுக்கும் மீடியா டைப் என்று ஒரு பெயர் கொடுக்க வேண்டும். எல்லாமே ஹார்டு டிஸ்க்தானே என்று எல்லாவற்றுக்கும் 'ஃபைல்' என்று ஒரே பெயர் போட்டு வைத்தேன். ஒரே பெயர் இருந்தால், இந்த டிரைவில் எழுதியதை அந்த டிரைவிலும் படிக்கலாம் என்று அது எடுத்துக்கொள்ளும். டேப் காலத்து நினைப்பு. ஒரே வகை டேப்பை எந்த டிரைவில் செருகினாலும் படிக்கும் அல்லவா? டிஸ்க்கில் அது நடக்காது. மீட்கப் போனபோது வேறு டிஸ்க்கில் இருக்கும் வால்யூமை, அதாவது பேக்கப் எழுதிய கோப்பை, இந்த டிஸ்க்கில் தேடிக்கொண்டு அப்படியே நின்றது. அன்றிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு தனி மீடியா டைப், தனி பூல் (வால்யூம்களின் தொகுப்பு). இதை இன்று வரை மாற்றவில்லை.

இதைவிட ஆழத்தில் ஒளிந்திருந்தது இன்னொன்று. மாறியதை மட்டும் எடுக்கும்போது, எதிலிருந்து மாறியது என்று பாக்குலா பார்ப்பது அந்த வேலையின் பெயரை வைத்து. எந்த டிஸ்க் என்று பார்ப்பதில்லை. ஒரே வேலையை இரண்டு டிஸ்க்குக்கு முறை வைத்தால், மஞ்சள் டிஸ்க்கில் இருக்கும் முழு பேக்கப்பை நம்பிக் குங்கும டிஸ்க்கில் துண்டு மட்டும் எழுதிவிடும். பழைய ஆடிட்டர் ஆபீஸ் கதையேதான், பஸ் ஏறி வந்த மாதிரி. ஆகவே டிஸ்க்குக்கு ஒரு பூல் மட்டும் போதாது, டிஸ்க்குக்கு ஒரு வேலையும் தனியாக எழுத வேண்டும். 'ஸ்டுடியோ-மஞ்சள்' ஒன்று, 'ஸ்டுடியோ-குங்குமம்' ஒன்று. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் தங்கள் மென்பொருளில் டிஸ்க்கை மாற்றிச் செருகினால் புதிய முழு பேக்கப் எடுக்கிறதா, பழையதன்மேல் துண்டு போடுகிறதா என்பதை ஒரு முறை செய்தே பார்த்துவிடுங்கள்.

அளவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 டிபி டிஸ்க் என்று வாங்கினால் கணினி 3.63 என்றுதான் காட்டும்; கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஆயிரத்தில் எண்ணுவதற்கும் 1024-ல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். நான் 50 ஜிபி வால்யூமாக 66-க்கு மேல் போகாதபடி பூலுக்கு வரம்பு போடுகிறேன். மிச்சம் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் காலியாக இருக்கும். இன்னொன்று, வால்யூமைக் காப்பாற்றி வைக்கும் காலம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பாக்குலா 365 நாள் என்று வைத்துக்கொள்ளும். டிஸ்க் நாலு மாதத்தில் நிறைந்து, பழையதைத் தொடவும் மாட்டேன் என்று இரவு முழுக்கக் காத்துக்கொண்டு நிற்கும். நடப்பு வேலைகளுக்கு 45 நாள் எங்களுக்குப் போதும். முடிந்த கல்யாணங்கள் இந்த முறையில் சேராது, அவற்றுக்குத் தனியாக இரட்டை டிஸ்க்.

மாங்கூழ் ஃபேக்டரி கற்றுக்கொடுத்தது வேறு பாடம். தோத்தாபுரி சீசனில் அங்கே இரவு பகல் கிடையாது, லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எடை மேடைக் கணினியின் பக்கத்தில் இருந்த பேக்கப் டிஸ்க்கின் வயரை யாரோ கழற்றிப் போன் சார்ஜர் செருகியிருக்கிறார்கள். டிஸ்க் இல்லை, ஆனால் அது வந்து அமரும் வெறும் ஃபோல்டர் இருக்கிறதே! பேக்கப் அதற்குள்ளேயே, அதாவது கணினியின் சொந்த டிஸ்க்கிலேயே எழுதிக்கொண்டு போனது. தினமும் 'வெற்றி' என்று செய்தி வேறு. பத்தாம் நாள் சொந்த டிஸ்க் நிரம்பி எடை ரசீது அடிப்பது நின்றபோதுதான் ஓடினேன். மென்பொருள் 'வெற்றி' என்று சொல்வது காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் செய்த சத்தியம் இல்லை. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் உள்ளேயும் அதன் பெயரில் ஒரு சின்னக் கோப்பு வைக்கிறேன். பேக்கப் தொடங்கும் முன் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் எழுதாமல் கத்தும். டிஸ்க்கை எந்தப் போர்ட்டில் செருகினாலும் அதன் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்தே அடையாளம் காணும்படி அமைத்துவிட்டேன். விண்டோஸில் டி, ஈ என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒரு பென்டிரைவ் முந்திக்கொண்டால் எழுத்து மாறிவிடும்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்க ஆரம்பித்தது. ஆந்திரப் போலீஸின் கணினிகள் சில மாட்டிக்கொண்டன என்று செய்தி வந்தபோது பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் சித்தூரும் இருந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன என்று பிறகு படித்தோம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பழைய கணினிகளில் யார் போட்டார்கள்? என் இடங்கள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு ஸ்டுடியோ மேசையின் கீழே நீல விளக்கு எரிந்துகொண்டிருக்கும் பேக்கப் டிஸ்க் நினைவுக்கு வந்து தூக்கம் போய்விட்டது. செருகியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் அந்த வைரஸ் பூட்டும். காப்பாற்ற வைத்ததும் காப்பாற்றப்பட வேண்டியதும் ஒரே வயரில் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த திங்கட்கிழமையே முறை ஆரம்பமானது. ஒன்று செருகியிருக்கும், ஒன்று சித்தூரில் என் வீட்டில். முதல் மாதத்திலேயே ஏ டிஸ்க், பி டிஸ்க் என்று எழுதியது குழம்பியது. ஸ்டுடியோவில் வேலை செய்யும் பையன் தவறானதைக் கொடுத்தனுப்பினான். நான் எழுதுவது தமிழ், அவன் படிப்பது தெலுங்கு. ஸ்டிக்கர் கடையில் நின்றபோது ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாதான் சொன்னார், "பசுப்பு, குங்குமா அனி பெட்டு தம்முடூ, எவரூ மரவரு." மஞ்சள், குங்குமம் என்று வை, யாரும் மறக்க மாட்டார்கள் என்று. மறக்கவில்லை. ஸ்டிக்கரின் கீழே வாங்கிய மாதமும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை அல்ல, ஒரே வயதுள்ளவை ஒரே நேரத்தில் சாகக் கூடாது என்பதற்காக. பஸ்ஸில் போவதால் இரண்டும் என்க்ரிப்ட் செய்து பூட்டியவை. சாவி காகிதத்தில் அண்ணா வீட்டு பீரோவில் ஒன்று, என் பீரோவில் ஒன்று.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பரப்பிய பீட்டர் குரோக் ஒரு போட்டோகிராஃபர் என்று அண்ணாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே பெருமை. அதற்கும் முன்னால் திருப்பதியிலேயே ஒரு கதை இருக்கிறது. தெலுங்குக் கவிஞர் அன்னமய்யாவின் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள் ஒரு அறையில் வைத்தார்கள். ஓலையாக இருந்திருந்தால் எப்போதோ போயிருக்கும். ஆனாலும் அவர் பாடியது 32,000 என்று சொல்லப்படும்போது, நமக்குக் கிடைத்தவை அதில் பாதிகூட இல்லை. செம்பு போன்ற ஊடகத்துக்கும் இன்னொரு இடம் வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொரோனா வந்து பஸ் நின்றது. முறையும் நின்றது. பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் நான் முறையைத் தொடங்கவில்லை, இரண்டு டிஸ்க்கும் ஸ்டுடியோவிலேயே கிடந்தன. அது முழுக்க என் சோம்பல். 2021 நவம்பர் 18 அன்று திருப்பதியில் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அலிபிரிப் படிகளில் அருவி இறங்கியது, மலைப்பாதையை மூடினார்கள், ஸ்வர்ணமுகி கரை புரண்டது. ஸ்டுடியோவில் முழங்கால் தண்ணீர். கணினி தரையில், மஞ்சள் டிஸ்க் அதன் பக்கத்தில். போன் செய்து குங்குமம் எங்கே அண்ணா என்று கேட்டேன். கீழ் டிராயரில் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் அவரே கூப்பிட்டார். டிராயரில் இல்லை. அக்டோபர் முதல் வாரம் கடையைச் சுத்தம் செய்ய வந்த வதினம்மா, அதாவது அண்ணாவின் மனைவி, குங்குமம் என்று எழுதிய ஒன்று செருப்புப் பக்கத்து டிராயரில் கிடப்பது பொறுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய் மாடியில் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்! அக்டோபர் வரை எல்லாம் கிடைத்தது. அதற்குப் பின் எடுத்த கல்யாணங்களில் இரண்டு, மெமரி கார்டை அழிக்காததால் பிழைத்தன. ஒன்றின் ரிசப்ஷன் போனது போனதுதான். பெண்ணின் அப்பாவிடம் சொல்ல அண்ணாவுடன் நானும் போனேன். அவர் கோபப்படவில்லை. அந்த வீடியோவில் தன் அம்மா பேசியது இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

அதே வாரம் சித்தூரில் நீவா ஆறு பெருகியது, வேலூர்ப் பக்கம் பாலாறும். என் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தாலும் நனைந்திருக்கலாம். வெளியிடம் என்றால் வேறு ஊர் என்று மட்டும் நினைத்திருந்தேன். எழுபது கிலோமீட்டரை ஒரு மழை மேகம் சுலபமாக மூடிவிடும். இப்போது கிலோமீட்டரோடு மாடியையும் எண்ணுகிறேன். சித்தூர் நகல் இரண்டாம் மாடியில், வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் மூன்றாவது நகல் பெங்களூரில் என் தங்கை வீட்டில். குழு அமைக்க உட்காரும்போது டிஸ்க் அளவை எழுதுவதற்கு முன் ஒரு காகிதத்தில் எது எதோடு சேர்ந்து போகும் என்று எழுதுகிறேன்: ஒரே வயர், ஒரே ஸ்விட்ச் போர்டு, ஒரே தரை, ஒரே மழை. ஒரே வரியில் வரும் டிஸ்க்குகள் எத்தனை இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

மாதக் கடைசித் திங்களில் இன்னொரு வேலையும் உண்டு. கொண்டுபோன டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு கல்யாணத்தைப் பையனே தேர்ந்தெடுப்பான், வேறொரு கணினியில் மீட்டு ஓட விடுவோம். போன வாரம் திருச்சானூர்க் கல்யாணம் ஒன்று. தலம்பிராலு கட்டம், இரண்டு பேர் தலையிலும் மஞ்சள் அரிசி கொட்டுகிறது, பின்னால் நாதஸ்வரம், யாரோ ஒரு பாட்டி சிரிக்கிறார். சத்தம் சரியாக இருக்கிறதா என்று கடைசி வரை கேட்டோம். பையன் நோட்டில் தேதி போட்டு "பாகுந்தி" என்று எழுதினான். நான் மஞ்சளைச் செருகிவிட்டுக் குங்குமத்தைத் துண்டில் சுற்றினேன். நாலே காலுக்குப் பஸ்.