குதிரையின் மன அழுத்தத்தை இதயத் துடிப்பின் இடைவெளியால் அளத்தல்

ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 முறை துடிக்கும். துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஒரே சீராக இருப்பதில்லை. குதிரை நிம்மதியாக நிற்கையில் இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் ஆதிக்கத்தால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். அச்சமோ வலியோ வந்தால் சுருங்கிவிடும்.

ஒவ்வொரு இடைவெளியையும் மில்லிசெகண்டில் பதியும் கருவி தேவை. நிமிடச் சராசரியை மட்டும் காட்டுவது பயன்படாது. மின்முனைகளைத் தாங்கும் புதுப் பட்டையே குதிரையை மிரட்டும் என்பதால் சில நாள் கட்டிப் பழக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தில் ஒரு மின்முனை தோளுக்குப் பின்னால் மேல்புறமாகவும், மற்றொன்று முழங்கைக்குப் பின்னால் மார்பின் கீழ்ப்புறமாகவும் படியும்படி பட்டையைக் கட்டுவார்கள். அந்த இடத்து முடியைத் தோல்வரை நனைத்து ஜெல் தடவ வேண்டும்.

அடிப்படை அளவு குதிரையின் சொந்த லாயத்தில், தீவனம் தின்னாத அமைதியான வேளையில் எடுக்கப்படும். குறைந்தது 5 நிமிடப் பதிவு வேண்டும். வெவ்வேறு நாள்களில் அதே வேளையில் திரும்ப எடுப்பது நல்லது. ஒப்பிடுவதற்காக லாடம் அடிக்கும்போதோ வண்டியில் ஏற்றிய பின்போ எடுக்கும் பதிவிலும் குதிரை நின்றுகொண்டிருக்க வேண்டும். ஓட்டமே இடைவெளி வேறுபாட்டைக் குறைத்துவிடும். அதை அழுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

அதிகம் பிழை நேர்வது பதிவைச் சுத்தம் செய்யும் கட்டத்தில்தான். நிமிடத்துக்கு 36 துடிப்பு என்றால் இடைவெளி ஏறத்தாழ 1,670 மில்லிசெகண்ட். நடுவே திடீரென 3,300 வந்தால் இதயம் ஒரு துடிப்பை விட்டிருக்கலாம். ஓய்விலுள்ள ஆரோக்கியமான குதிரைகளிலும் இது சாதாரணம். ஈசிஜியில் உயர்ந்து நிற்கும் டி அலையைக் கருவி தனித் துடிப்பாக எண்ணினால், ஓர் இடைவெளி இரண்டு குறுந்துண்டுகளாக உடையும். இரண்டுமே கணக்கைப் பொய்யாக ஊதிவிடும். மென்பொருளின் திருத்தத்தை மட்டும் நம்பாமல் இடைவெளிகளின் பட்டியலைக் கண்ணால் பார்த்து, பழுதான பகுதியை விலக்குவதே சரி.

மிஞ்சியதில், இடைவெளிகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஆர்எம்எஸ்எஸ்டி என்ற அளவு கணக்கிடப்படும். 1,640, 1,700, 1,650 என்ற இடைவெளிகளில் அடுத்தடுத்த வேறுபாடுகள் 60, 50. அவற்றின் வர்க்கங்களின் சராசரி 3,050. வர்க்கமூலம் சுமார் 55 மில்லிசெகண்ட். குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறையே மூச்சு விடுவதால், ஏற்ற இறக்கத்தை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும்போது மனிதருக்கான எல்லைகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

எல்லாக் குதிரைக்கும் பொதுவான வரம்பு எண் கிடையாது. ஒப்பீடு அதன் சொந்த அடிப்படையுடன்தான். துடிப்பு கூடி ஆர்எம்எஸ்எஸ்டி சரிந்தால் அழுத்தம் என்று ஐயுறலாம். ஆனால் தீவன வாளியைக் கண்ட ஆவலும் இதே மாற்றத்தைத் தரக்கூடும். ஆகவே காது, மூக்குத்துளை, சாணமிடும் முறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் உமிழ்நீரில் அழுத்த ஹார்மோனான கார்டிசாலையும் சோதிக்க வேண்டும். சைலசின், டெட்டோமிடின் போன்ற மயக்கமூட்டும் மருந்துகள் துடிப்பின் ஒழுங்கையே மாற்றுவதால், அவற்றின் விளைவு தீரும்வரை அளவெடுப்பதில்லை.