ஆழ்கடற் பொதுச்செல்வம்

பெருங்கடலின்மேற் கலம் செலுத்தும் உரிமை எந்நாட்டார்க்கும் பொது என்பது, உலகம் நெடுநாளாக ஒப்புக்கொண்ட நெறியாகும். ஆயின், அக்கடலின் அடித்தரை யாருக்கு உரியது? இவ்வினா அண்மைக் காலத்திலேயே எழுந்தது.

1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்த 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பலிற் சென்ற அறிஞர், கடலடியிலிருந்து உருளைக்கிழங்கையொத்த கருங்கட்டிகளை எடுத்தனர். மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகிய உலோகங்கள் அவற்றில் அடங்கியுள்ளன. 4,000 முதல் 6,000 மீட்டர் வரை ஆழமுள்ள இடங்களில் அவை மிகுதியாகக் கிடக்கின்றன. பத்து இலட்சம் ஆண்டுகளிற் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. இவற்றைப் பொறிகளால் அள்ளலாம் என்ற நம்பிக்கை பிறந்தபோது, அச்சமும் உடன் பிறந்தது. செல்வமும் பொறியும் உடைய நாடுகள் முந்திக்கொண்டு யாவற்றையும் கவர்ந்துகொண்டால், வறிய நாடுகள் என் செய்யும்?

1967 நவம்பர் 1-ஆம் நாள், மால்ட்டா என்னும் சிறிய தீவு நாட்டின் தூதர் அர்விட் பார்டோ, ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் எழுந்து பேசினார். நாட்டெல்லைகளுக்கு அப்பாற்பட்ட கடலடியை மன்பதை முழுவதற்கும் உரிய பொதுச்செல்வமாகக் கொள்ளவேண்டும் என்பது அவர் வாதம். நாடு சிறிதாயினும் கருத்துப் பெரிதன்றோ? 1970-இற் பேரவை அக்கொள்கையை ஏற்று அறிவித்தது. 1982-இற் கடற்சட்ட உடன்படிக்கை உருவாகி, 1994-இல் நடைமுறைக்கு வந்தது.

இதன்படி, அக்கடலடியை எந்நாடும் தனதென்று உரிமை கொண்டாடுதல் இயலாது. ஆங்குக் கனிமம் தேட விரும்புவோர், ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரிலுள்ள பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்தின் இசைவைப் பெறவேண்டும். இதில் ஓர் அரிய ஏற்பாடு உண்டு. பங்காளிகள் நிலம் பிரிக்கையில், ஒருவர் கூறுபடுத்த மற்றவர் தேர்ந்தெடுப்பின் வஞ்சனைக்கு இடமிராது. அவ்வாறே, கருங்கட்டிகளைத் தேட முன்வரும் வளர்ந்த நாட்டினர் ஒத்த மதிப்புடைய இரு பகுதிகளைக் காட்டுதல் வேண்டும்; ஆணையம் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, வளரும் நாடுகளின் நலனுக்கென ஒதுக்கி வைக்கும்.

எனினும், சட்டத்துக்குரிய கடுஞ்சோதனை இன்னும் முடியவில்லை. தேடுதற்கு விதிகள் உள. அகழ்ந்தெடுத்தற்குரிய விதிகளோ 2025-ஆம் ஆண்டின் நடுவிலும் நிறைவெய்தவில்லை. உடன்படிக்கையிற் சேராத அமெரிக்கா, அவ்வாண்டு ஏப்ரலில், தன் நாட்டுச் சட்டத்தின்படியே உரிமம் வழங்குதலை விரைவுபடுத்த ஆணை பிறப்பித்தது. 1979-இற் பசிபிக் பெருங்கடலடியிற் சோதனைக்கென இயக்கிய பொறியின் தடமோ, நாற்பது ஆண்டு கடந்தும் அழியாதிருக்கக் கண்டனர்.

மாணவர்களே! பொதுப்பொருள் என்பது வல்லவன் வாரிக்கொள்ளும் பொருளன்று. யாவரும் கூடிக் காக்கவேண்டிய பொருள். இனிப் பிறக்கும் தலைமுறையினரும் அதிற் பங்காளிகளே என்பதை நெஞ்சிற் கொள்க.