பைபிள் குவிஸ் அணிக்கு வாராந்தரப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்துச் சபைகளில் பைபிள் குவிஸ் அணி பெரும்பாலும் போட்டி அறிவிப்பு வந்த பிறகுதான் பிறக்கிறது. ஏற்கெனவே வசனம் நன்றாகச் சொல்கிற மூன்று பிள்ளைகளைப் பிடித்து, வினா-விடைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, இரண்டு வாரம் உருப்போட வைப்பார்கள். பிள்ளைகளுக்கு விடை தெரியும். வேதாகமத்தில் அது எந்த இடத்தில், எந்தக் கதைக்கு நடுவே வருகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். வாரம்தோறும் கூடிப் படிக்கிற அணியை உருவாக்குவது வேறு வேலை. காட்பாடியில் அதைத் தொடங்க நினைக்கும் வாலிபர் தலைவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் இது.

முதலில் நாளும் நேரமும்

சனிக்கிழமை டியூஷனுக்குப் போய்விடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாவுக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடக் கிடைப்பது அந்த ஒரு நாள். அதில் கைவைத்தால் அணி ஒரு மாதம் தாங்காது.

பெற்றோரின் சம்மதத்தை முதலிலேயே வாங்குங்கள். பயிற்சியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வாட்ஸ்ஆப் குழுவில் பெற்றோரும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரிக்குப் பிறகு கூப்பிடாதீர்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கிறது. அவர்களாக வந்தால் மதிப்பெண் எழுதும் வேலையைக் கொடுக்கலாம்.

எதைப் படிப்பது?

66 நூல்களில் எங்கிருந்தும் கேட்போம் என்றால் பிள்ளை எங்கிருந்தும் படிக்காது. பகுதியை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். கேரளத்தில் கத்தோலிக்கத் திருச்சபை 2000 முதல் நடத்திவரும் லோகோஸ் வினாடி வினாவில் ஒவ்வோர் ஆண்டும் படிக்க வேண்டிய பகுதியை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். சிறுவர் முதல் முதியவர் வரை எழுதுகிறார்கள்.

புதிய அணிக்கு மாற்கு நல்ல தொடக்கம். 16 அதிகாரம், வாரம் ஒன்று. ஜூனில் பள்ளி திறந்த பின் தொடங்கினால் செப்டம்பர் கடைசியில் முடியும். காலாண்டுத் தேர்வு வாரங்களில் இடைவெளி விழுந்தால் விழட்டும். அடுத்து யோனா: நான்கு அதிகாரம், 48 வசனம். பிறகு ரூத்: நான்கு அதிகாரம், 85 வசனம். அப்போஸ்தலர் நடபடிகள் 28 அதிகாரம். அதை இரண்டாம் ஆண்டுக்கு வையுங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் முதல் வாரமே அறிவித்துவிடுங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் பழைய திருப்புதல் இருக்கும். கத்தோலிக்க வீட்டில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கும். ஒன்றில் யவீரு, மற்றொன்றில் யாயிர். இரண்டையும் சரியான விடையாக எடுத்துக்கொள்வதே நியாயம். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் ஆங்கில வேதாகமம் கொண்டுவரட்டும். ஆனால் சத்தமாக வாசிக்கும்போது தமிழில் வாசிக்கட்டும். திக்கினால் யாரும் சிரிக்கக் கூடாது என்பது அணியின் முதல் சட்டம்.

ஒரு வாரப் பயிற்சி

முதல் இருபது நிமிடம் அந்த வார அதிகாரத்தை ஆளுக்கு நான்கைந்து வசனமாகச் சத்தமாக வாசிப்பது. நிறுத்தி விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். குவிஸ் பயிற்சி இரண்டாவது பிரசங்கமாக மாறுவது இந்த இடத்தில்தான். பிறகு ஐந்து நிமிடம், புத்தகத்தை மூடிவிட்டு, கதையை ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் சொல்வது. எங்கே வரிசை தவறுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து மனப்பாடம். அதிகாரத்துக்கு ஒரு வசனம் போதும்; எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளே எழுதும் கேள்விகள்

பயிற்சியின் உயிர் இதில் இருக்கிறது. வினா-விடைப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். ஒவ்வொருவரும் அந்த அதிகாரத்திலிருந்து மூன்று கேள்வி எழுத வேண்டும். விடையும் வசன எண்ணும் பின்பக்கம். கேள்வி எழுதுகிற பிள்ளை, விடையை உருப்போடுகிற பிள்ளையைவிட இருமடங்கு கவனமாகப் படிக்கும்.

முதல் சில வாரங்கள் எல்லாரும் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். பன்றிகள் எத்தனை? ஏறக்குறைய இரண்டாயிரம். கேட்கட்டும், அதுவும் வேண்டும். பிறகு இரண்டு இடங்களை இணைத்துக் கேட்கப் பழக்குங்கள். மாற்கு 5-இல் பெரும்பாடுள்ள பெண் பன்னிரண்டு வருடம் துன்பப்பட்டாள். யவீருவின் மகளுக்கும் வயது பன்னிரண்டு. ஆறாம் அதிகாரத்தில் ஐந்து அப்பம், மீந்தது பன்னிரண்டு கூடை. எட்டாம் அதிகாரத்தில் ஏழு அப்பம், ஏழு கூடை. இந்த இரண்டையும் குழப்பாத அணி பாதிப் போட்டியை வென்ற மாதிரி.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு வாசல் உண்டு. மாற்கு 1:6-இல் யோவான் ஸ்நானன் அரையில் கட்டியிருப்பது வார்க்கச்சை, அதாவது தோல் பெல்ட். அடுத்த வசனத்திலேயே பாதரட்சையின் வார் வருகிறது. அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு இதை ஒரு முறை சொன்னால் போதும். நடபடிகளுக்கு வரும்போது யோப்பாவில் பேதுரு தங்கிய வீடு காத்திருக்கிறது: தோல் பதனிடுகிற சீமோனின் வீடு, கடலோரத்தில். ஏன் கடலோரம் என்று கேளுங்கள். அந்தத் தொழிலுக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும், நாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்று பாலாற்றங்கரைப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. யூதரின் மிஷ்னா நூல், தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பேதுரு நெடுநாள் தங்கினார் என்பது, நடபடிகளில் அதை அடுத்து வரும் பகுதியைப் படிக்கும்போது புது அர்த்தம் தரும்.

பெல்லை எப்போது எடுப்பது?

முதல் எட்டு வாரம் வேண்டாம். அமெரிக்காவில் யூத் ஃபார் கிறைஸ்ட் இயக்கம் 1940-களில் வளர்த்த போட்டி வழக்கத்தில் நாற்காலியிலிருந்து முதலில் எழுந்தவருக்கே விடை சொல்லும் வாய்ப்பு. பிறகு அதற்கென்று மின் இருக்கைகளே வந்தன. அந்த வேகம் பார்க்க அழகுதான். ஆனால் தொடக்கத்திலேயே பெல்லை வைத்தால் ஒரே பையன் எல்லாக் கேள்விக்கும் அடிப்பான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதுவரை எல்லாரும் தாளில் விடை எழுதிக் காட்டட்டும். பேசாத பிள்ளை முழு மதிப்பெண் வாங்குவதை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

பெல் வந்தபின் சட்டம் எளிதாக இருக்கட்டும். சரியான விடைக்கு 10. கேள்வி முடியுமுன் அடித்துத் தவறினால் 5 குறையும், கேள்வி அடுத்த அணிக்குப் போகும். ஒருவர் நான்கு விடை சொல்லிவிட்டால் அந்தச் சுற்றில் உட்கார்ந்துவிட வேண்டும். பெல்லுக்குக் காலிங் பெல் சுவிட்சும் பல்பும் போதும். வயரிங் தெரிந்த அண்ணன் ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார்.

அணித் தேர்வும் நட்புப் போட்டியும்

போட்டிக்கு மூன்று பேர் என்றால் ஆறு பேரைப் பழக்குங்கள். தேர்வுக்கு மூன்று மாதத் தாள் மதிப்பெண்ணையும் வருகையையும் பாருங்கள். கமிட்டி உறுப்பினரின் பிள்ளை என்பதைப் பார்க்காதீர்கள்.

மாற்கு முடிந்ததும் ஒரு நட்புப் போட்டி வையுங்கள். குடியாத்தம், மேல்பட்டி, ஆம்பூர் எல்லாம் காட்பாடியிலிருந்து ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. போய்வர வண்டி பிரச்சினை இல்லை. ஆம்பூரில் லுத்தரன் சபைகள் அதிகம், நம்மைவிட வேறு விதமாகக் கேட்பார்கள். பாதிக் கேள்வியை அவர்கள் எழுதட்டும், பாதியை நம் பிள்ளைகள் எழுதட்டும். நடுவர் முன்னால் வேதாகமம் திறந்தே இருக்க வேண்டும். விடையில் தகராறு வந்தால் எதிரணிப் பிள்ளை ஒருவர் எழுந்துபோய் வசனத்தை வாசிக்கட்டும். டீ, பன் செலவு நடத்துகிற சபையுடையது.