சப் கான்ட்ராக்ட் எடுக்கும் சகோதரர்களுக்கு: கொட்டேஷன் எழுதும் முன்



சென்ற ரமலானுக்குப் பிறகு சகோதரர் ஒருவர் கர்ழன் ஹஸனா கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். பெயிண்டிங் தொழில் செய்பவர். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சப் கான்ட்ராக்ட் எடுத்து வேலையை முடித்துவிட்டார். ஆட்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் பணமில்லை. ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றோம். செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரே வரி: “பெயிண்டிங் சதுர அடி 20 ரூபாய்.” அதற்குக் கீழே மெயின் கான்ட்ராக்டர் அனுப்பிய கட்டைவிரல் படம். அவ்வளவுதான்.

கடன் கொடுத்தோம். ஆனால் நம் மஹல்லாவில் பெயிண்டிங், ஒயரிங், பிளம்பிங், டைல்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் இப்போது தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும், அவர்களுக்காக நகையை அடகு வைக்கும் தாய்மார்களும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

மெயின் கான்ட்ராக்டர் ஒரு கட்டடத்துக்கு டெண்டர் போடும்போது, எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று நான்கு பேரிடம் ரேட் கேட்பார். நீங்கள் சொன்ன ரேட்டைத் தம் கணக்கில் வைத்து, மேலே தம் லாபத்தைச் சேர்த்து உரிமையாளரிடம் கொடுப்பார். வேலை அவருக்குக் கிடைத்த பிறகு உங்களை மறுபடி அழைத்து, “இன்னொருவர் 18 சொல்கிறார்” என்பார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ரேட்டைக் குறைப்பதானால் வேலையையும் குறைத்துக் கேளுங்கள்: சாரம் அவர் தரட்டும், அல்லது பட்டி ஒரு கோட்டோடு நிற்கட்டும். கூலியும் பெயிண்டும் போக உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டிருந்தால்தான் அந்த இடத்தில் வாய் திறக்க முடியும்.

கொட்டேஷனில் “30 நாள் வரை செல்லும்” என்று எழுதுங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எதிர்த்தரப்பு ஏற்கும் வரை நீங்கள் சொன்ன விலையைத் திரும்பப் பெறலாம். கெடு முடிந்தால் அது தானே காலாவதியாகும். ஆறு மாதம் கழித்து, பெயிண்ட் விலை ஏறிய பிறகு, பழைய ரேட்டைக் காட்டி வேலை வாங்க முடியாது.

(மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றதும் கூட்டாளியிடம் கூடுதல் விலைக்குப் போலியாக ஒன்று வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது. வாங்கும் எண்ணமில்லாமல் ஏலத்தில் விலை ஏற்றும் நஜ்ஷுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.)

அந்தச் சகோதரரின் கணக்குக்கு வருவோம். அவர் இழந்தது ரேட்டில் அல்ல, அளவில். 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரக் கதவு ஒன்றின் பரப்பு 2.1 சதுர மீட்டர். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பெயிண்ட் என்றால், 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும் கழிப்பது ஐ.எஸ். 1200 சொல்லும் அளவு முறை. நிலையைச் சுற்றி வரும் ஓரத்தையும் அடிக்கிறோமே, அதற்கு ஈடாக. இவருக்கோ இரண்டு பக்கமும் கழித்துவிட்டார்கள். அப்படி 60 கதவு: 126 சதுர மீட்டர், சுமார் 1,356 சதுர அடி. 20 ரூபாய் வீதம் 27,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. “அளவு ஐ.எஸ். 1200 படி” என்று ஒரு வரி எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது ஜி.எஸ்.டி. ரேட்டில் வரி சேர்ந்ததா இல்லையா என்று எழுதாவிட்டால் சேர்ந்தது என்றே சொல்வார்கள். 18 சதவீத வரி உள்ளடங்கிய 4,00,000 ரூபாயில் உங்களுக்கு நிற்பது சுமார் 3,39,000 மட்டுமே. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவும் செய்யாதவர் வரி வாங்கக் கூடாது. பதிவு செய்தவர் “வரி தனி” என்று எழுத வேண்டும்.

வரி ஒருபுறம் இருக்க, 4,00,000 ரூபாய் பில்லுக்கு முழுப்பணமும் கைக்கு வராது. 5 சதவீதப் பிடித்தம் என்று பேசியிருந்தால் 20,000 நிற்கும். பெரும்பாலும் ஓராண்டு கழித்தே கிடைக்கும். டி.டி.எஸ். 1 சதவீதம், 4,000. இது வரிக்கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் கணக்கில் சேரும். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆக கையில் 3,76,000. கூலி, பெயிண்ட் கடைக் கடன் எல்லாவற்றையும் இதற்குள் சமாளிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். “உரிமையாளர் எனக்குக் கொடுத்த பிறகு உனக்கு” என்ற வரி இருந்தால், பில் கொடுத்த இத்தனை நாளுக்குள் என்று மாற்றக் கேளுங்கள்.

சாரம், கரண்ட், தண்ணீர், சாமான் வைக்கும் அறை ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

அந்தக் கான்ட்ராக்டரைச் சந்தித்து, சைட் இன்ஜினியரின் அளவுப் புத்தகத்தை வைத்துப் பேசினோம். எழுத்தில் எதுவும் இல்லாததால் வற்புறுத்த முடியவில்லை. கதவுக் கணக்கில் பாதியை ஒப்புக்கொண்டு மறு வாரம் கொடுத்தார். சகோதரர் அதில் மூன்று பேரின் கூலியைத் தீர்த்தார். மீதி இரண்டு பேருக்கு இன்னும் பாக்கி.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். கொட்டேஷனை அனுப்பும் முன் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.